கலைத்தால் கடன் தீருமா?

பெயர் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, சுவரிலே நிறுவியவர்களின் படம் இருக்கிறது, படத்துக்கு மாலையும் இருக்கிறது. ஆடுவதற்குப் பதினொரு பேர் இல்லை!

நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தெரியும் ஒரு திடலின் ஓரத்தில், மாலை நேரத்தில், இளைஞர் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு கூறிய கதை இது. அவர்களுடையது சின்னஞ்சிறு கால்பந்துக் கழகம். தோல்வி மேல் தோல்வி கண்ட கழகம். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் நெய்வேலிக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் போய்விட்டனர். எஞ்சி நிற்பது பாக்கிப் பட்டியல். சட்டை தைத்துக் கொடுத்த தையற்காரருக்குப் பாக்கி. வெளியூர் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்ற வேன்காரருக்குப் பாக்கி. ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் வெயிலிலே குனிந்து, திடலில் சுண்ணாம்புக் கோடு போடும் முதியவருக்குப் பத்து மாதக் கூலி பாக்கி.

"இந்தக் கழகத்தைக் கலைத்துவிட்டு, வேறு பெயரில் புதிதாகத் தொடங்கிவிட்டால் என்னங்க ஐயா? பழைய தொல்லையெல்லாம் பழைய பெயரோடு போய்விடும் அல்லவா?" என்று கேட்டான் ஒரு தம்பி.

"கலைப்பதா! எங்க அப்பா காலத்துக் கழகமடா இது! பெயரை மாற்றினால் அவர் ஆன்மா பொறுக்குமா?" என்று குமுறினார் பெரியவர் ஒருவர்.

இருவரும் என் முகத்தைப் பார்த்தனர்.

பந்தாட்டச் செய்திதானே, இதற்கு ஏடு எதற்கு, எழுத்து எதற்கு என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! பந்து சிறியது, கேள்வி பெரியது. நேற்று நாம் தந்த சொல் இன்றைய நம்மைக் கட்டுப்படுத்துமா? பெயரை மாற்றிக்கொண்டால் ஆள் மாறிவிடுகிறானா? கூட்டாகச் சேர்ந்து வாங்கிய கடனைக் கூட்டத்தைக் கலைத்துத் தீர்த்துவிடலாமா? சங்கங்கள், மன்றங்கள், கூட்டுறவுகள், நிறுவனங்கள், ஏன், அரசுகளும்கூட எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. அது ஒரு பந்தின் உருவில் நெல்லிக்குப்பத்துத் திடலிலே உருண்டு வந்து நம் காலடியில் நிற்கிறது. உதைத்துத் தள்ளாமல் எடுத்துப் பார்ப்போம்.

முதலில் பெரியவரின் வாதம். அவர் பேச்சில் அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு யாரிடம்? ஆடும் பிள்ளைகளிடமா, ஆணியில் தொங்கும் படத்திடமா? பழமை என்பதற்காகவே ஒன்றைக் காப்பது பகுத்தறிவாகாது. மாலை போட்டுவிட்டுப் பந்து வாங்கக் காசில்லை என்று கைவிரிப்பது, பூசைக்குப் பாலை ஊற்றிவிட்டுப் பிள்ளையைப் பட்டினி போடுவதற்கு ஒப்பாகும். நிறுவியவர்கள் பெரியவர்கள்தாம், ஆனால் அவர்கள் நிறுவியது பலகையை அன்று, ஆட்டத்தை.

பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. 1911-இல் கல்கத்தாவில், வெறுங்காலோடு ஆடிய இந்தியர்கள் நிறைந்த மோகன் பகான் அணி, ஆங்கிலேயப் படையணி ஒன்றை வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அடிமைப்பட்டிருந்த நாட்டுக்கு அந்த வெற்றி தலை நிமிரக் கற்றுக்கொடுத்தது. 2020-இல் அக்கழகத்தின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே. என்ற புது நிறுவன அணியோடு இணைக்கப்பட்டு, இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்த ஒரு பெயர் சூட்டப்பட்டபோது, ஆதரவாளர்கள் பொறுக்கவில்லை. வீதியிலும் அரங்கிலும் எதிர்ப்புக் காட்டினர். 2023-இல் அந்த முன்னொட்டு நீக்கப்பட்டது. அவர்கள் காத்தது எழுத்துக்களை அன்று. எழுத்துக்களுக்குள் குடியிருந்த நினைவை. நினைவு உயிரோடிருக்கும் இடத்திலே பெயருக்கும் உயிர் உண்டு. பலகையில் மட்டும் இருக்கும் பெயரோ பல்லி ஊரும் பலகையே!

இனித் தம்பியின் வாதம். பழையது பயனற்றுப் போனால் அதை விட்டொழித்துப் புதியதைப் படைக்க வேண்டும் என்கிறான். நம் ஏடுகளைப் படித்து வளர்ந்த பிள்ளை, வேறெப்படிப் பேசுவான்! அவனுக்கு ஊக்கமளிக்கும் காட்சி அருகிலேயே இருக்கிறது. நெய்வேலியில் 1962-இல் இயங்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட் வரை வளர்ந்து, அரை நூற்றாண்டுக்கும் மேல் உழைத்து, 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப 1000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் எழுந்தது. பழைய கொதிகலனைக் கட்டி அழுதவர் யார்? எவரும் இல்லை. "அதைப்போல இதையும் செய்தால் என்ன?" என்கிறான் தம்பி.

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பாதிதான் பொருந்தும். கொதிகலன் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொதிகலனை நிறுத்தலாம், அங்கு உழைத்தவனுடைய சம்பளத்தை நிறுத்த முடியுமா? பொறி பழையதாகிவிட்டது என்பதற்காகத் தொழிலாளியின் சேமநிதி பழையதாகிவிடுமா? நெல்லிக்குப்பத்து ஆலையையே பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது, கைகள் மாறியது, பாரி நிறுவனம் 1981-இல் முருகப்பா குழுமத்தின் வசம் வந்தது. இப்படி ஒரு கை மாற்றம் நிகழும்போது, "கரும்பு வாங்கியவர் அவர், பணம் கேட்பது என்னிடமா?" என்று புதியவர் சொன்னால், வண்டி கட்டிக் கரும்பு கொண்டுவந்த உழவன் ஒப்புவானா? ஆலையை எடுத்துக்கொண்டவன் ஆலையின் கடனையும் எடுத்துக்கொண்டான் என்பது அவனுக்குத் தெரியும். அதற்குச் சட்டப்புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

அப்படியானால், கழகம் என்பதுதான் என்ன?

பெயர்தான் கழகமா? சென்னை சிட்டி என்ற அணியை எண்ணிப் பாருங்கள். 2016-17 பருவத்தில் ஐ-லீக் போட்டிக்குள் நுழைந்தது. பெயரிலே சென்னை இருந்தது. பின்னர் ஆடுகளமோ கோவைக்குப் போயிற்று. 2019 மார்ச் 9-ஆம் நாள், கோவை நேரு விளையாட்டரங்கில் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, ஈஸ்ட் பெங்கால் அணியை ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பின்னுக்குத் தள்ளி, இந்திய வாகையர் பட்டம் சூடியது. சென்னைப் பெயரைக் கோவை மக்கள் ஆரவாரித்து ஏற்றனர். ஆகவே பெயரும் ஊரும் கழகமாகா. வெற்றிதான் கழகமா? அந்த வாகை சூடிய இரண்டே பருவங்களில் அணி அடிமட்டத்துக்கு வந்தது; 2020-21 பருவத்துக்குப் பின் ஐ-லீக் களத்தில் அதனைக் காணோம். வெற்றி தாங்கிப் பிடிக்கவில்லை!

பணம்தான் கழகமா? பஞ்சாபில் பக்வாரா நகரத்து ஜே.சி.டி. ஆலையின் அணி 1971-இல் தோன்றியது. இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக்கை, 1996-97-இல், வென்ற அணி அது. 2011-இல் நிர்வாகம் முடிவெடுத்தது, அணி முடிந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், 2010-இல், மும்பையின் மகிந்திரா யுனைடெட் அணியும் மூடப்பட்டது. 1997-இல் தோன்றி, அதே ஆண்டில் டூரண்டு கோப்பையை வென்று, கேரளத்தையே கூத்தாட வைத்த எஃப்.சி. கொச்சின், 2002-இல் இல்லாமற் போயிற்று. பெரும் பணம் படைத்த கைகள் உருவாக்கியவையும் அழிந்தன. பணம் வறண்டவையும் அழிந்தன. ஆடியவர்களைக் கேட்டா மூடினார்கள்? கைதட்டியவர்களைக் கேட்டா மூடினார்கள்? ஒரு கையெழுத்து, ஓராயிரம் நெஞ்சங்களில் இருட்டு.

பெயரன்று, ஊரன்று, வெற்றியன்று, பணமன்று என்றால் எஞ்சுவது என்ன? எஞ்சுவது வாக்கு, தோழர்களே! "நான் ஓடுவேன், நீ பந்தைத் தருவாய்" என்று ஆட்டக்காரன் ஆட்டக்காரனுக்குத் தரும் வாக்கு. "நீ ஆடு, நான் உன் கூலியைத் தருவேன்" என்று நிர்வாகி தரும் வாக்கு. "தோற்றாலும் வருவேன்" என்று பார்ப்பவன் தரும் வாக்கு. இந்த வாக்குகளின் முடிச்சுதான் கழகம். முடிச்சு அவிழ்ந்தால் பட்டுத் துணியும் கந்தல். முடிச்சு இறுகியிருந்தால் கந்தலும் கூடாரம்.

இங்கிலாந்திலே விம்பிள்டன் என்றொரு அணி. 1988-இல் வலிமை மிக்க லிவர்பூல் அணியை இறுதி ஆட்டத்தில் வென்று எஃப்.ஏ. கோப்பையைப் பெற்றது. 2002-இல் அதன் உரிமையாளர்கள், இலாபத்தை நாடி, அணியைத் தொலைவிலுள்ள மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதி பெற்றனர். ஊர் மக்கள் என்ன செய்தனர்? அழுதுவிட்டு அடங்கினரா? இல்லை. சில வாரங்களுக்குள் புதிய கழகம் ஒன்றைத் தாங்களே தொடங்கினர். பொதுவெளியிலே ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தனர். பழைய அணியின் உயர்ந்த இடத்தைக் கேட்கவில்லை. மிகவும் கீழான படியில் நின்றனர். ஒன்பது பருவங்களில் ஐந்து படி ஏறி, 2011-இல் ஆங்கிலேய லீக்கிலே கால் வைத்தனர். 2020-இல் தங்கள் பழைய திடல் இருந்த பிளவ் லேன் பகுதிக்கே திரும்பினர். புதிதாகத் தொடங்குவது என்றால் அது!

வடக்கே ஸ்காட்லாந்தில் இன்னொரு காட்சி. ரேஞ்சர்ஸ் என்ற புகழ் பெற்ற கழகம். அதனை நடத்திய நிறுவனம் கடனில் மூழ்கி 2012-இல் கலைக்கப்பட்டது. புதிய நிறுவனம் ஒன்று அதே திடலை, அதே நிறத்தை, அதே பெருமையை எடுத்துக்கொண்டு, உச்சப் பிரிவிலேயே ஆட இடம் கேட்டது. ஏனைய கழகங்கள் மறுத்தன. நான்காம் பிரிவிலிருந்து தொடங்க நேர்ந்தது. 2016-இல் மேலே வந்தது. 2021-இல் வாகையும் சூடியது. அது பழைய கழகமேதானா, புதிய கழகமா என்ற வழக்கு அந்நாட்டிலே தேநீர்க் கடைதோறும் நடக்கிறது. நான் கேட்பது வேறொரு கேள்வி. கோப்பைகளைக் கணக்கெடுக்கும்போது "நாங்கள் பழைய கழகம்" என்பதும், கடன்காரன் வரும்போது "நாங்கள் புதிய நிறுவனம்" என்பதும், ஒரே வாயிலிருந்து வரலாமா?

இங்கேதான் நம் பகுத்தறிவுக்கு வேலை இருக்கிறது. ஆற்றிலே மூழ்கி எழுந்தால் செய்த பாவம் கரைந்துவிடும் என்பவனைப் பார்த்து நாம் நகைக்கிறோம். மறுபிறப்பு என்பதை மறுக்கிறோம். அப்படியிருக்க, பதிவு அலுவலகத்திலே முத்திரை குத்திய புதுத் தாளைப் பெற்று வந்தால், கோடு போட்ட கிழவரின் கூலி கரைந்துவிடும் என்று நம்புவது எந்த வகை அறிவு? அங்கே கங்கை, இங்கே காகிதம். இரண்டிலும் மூழ்குவது மூடநம்பிக்கைதான்!

"நில்லுங்கள்!" என்கிறான் தம்பி. அவன் விடுவதாயில்லை; விடவும் கூடாது. "கடன் வாங்கியவர்கள் முந்தைய நிர்வாகிகள். நாங்கள் அப்போது பள்ளிப் பிள்ளைகள். தந்தை செய்த பிழைக்கு மகன் பொறுப்பா? பிறப்பினால் பழியும் இல்லை, பிறப்பினால் பெருமையும் இல்லை என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் நீங்கள்தானே?"

மடக்கிவிட்டான்! ஆம், பிறப்பினால் எவன் தலையிலும் கடன் ஏறாது. அந்தக் கோட்பாட்டை விட்டுக்கொடுத்தால் சாதிக்கும் கதவைத் திறந்துவிட்டவர்களாவோம். ஆனால் தம்பி, கடன் பிறப்பினால் வருவதன்று, எடுத்துக்கொள்வதனால் வருவது. பழைய கழகத்தின் கோல் கம்பம் உனக்கு வேண்டுமா? லீக் பட்டியலிலுள்ள இடம் வேண்டுமா? திடலில் ஆடும் உரிமை வேண்டுமா? "இந்த ஊருக்கு நெடுங்கால ஆட்டப் பெருமை உண்டு" என்று நன்கொடைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டுமா? வேண்டுமென்றால், அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் கடனும் உன்னுடையதே. ஒன்றும் வேண்டாம், வெறுங்கையோடு தொடங்குகிறேன் என்றால், நீ யாருக்கும் கடன்பட்டவன் அல்லன். விம்பிள்டன் மக்கள் அப்படித்தான் நிமிர்ந்து நின்றனர். சொத்தை எடுத்துக்கொண்டு சுமையை விட்டுச் செல்வதற்குத் தமிழிலே புதுத்தொடக்கம் என்று பெயரில்லை. வேறு பெயர் உண்டு.

இது வெறும் அறவுரையன்று. உலகக் கால்பந்தை ஆளும் ஃபிஃபா, 2019-இல் தன் ஒழுங்கு விதிகளில் இதையே எழுதி வைத்தது. கடன் தீர்க்காத கழகத்தின் விளையாட்டு வாரிசாக எது நிற்கிறதோ, அதுவும் கடனுக்குப் பொறுப்பு என்றது. வாரிசு என்று எப்படி அறிவது? தலைமையிடம், பெயர், சட்ட வடிவம், அணியின் நிறம், ஆட்டக்காரர்கள், பங்குதாரர்கள், ஆடும் பிரிவு ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னது. நம் நாட்டிலும், வெள்ளையர் காலத்து 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம், உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினராவது முடிவு செய்தால்தான் ஒரு சங்கத்தைக் கலைக்கலாம் என்றது. கடன்களைத் தீர்த்த பிறகு எஞ்சும் சொத்தையும் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ளாமல் வேறொரு சங்கத்துக்கே தரவேண்டும் என்றது. கலைப்பதற்கும் ஒரு கண்ணியம் வேண்டும் என்பதை அவர்களும் அறிந்திருந்தனர்.

அப்படியென்றால் கலைப்பதே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. தோற்கிறோம் என்பதற்காகக் கலைப்பது கோழைத்தனம். தோல்வி ஆட்டத்தின் ஒரு பாதி. ஏழைமை என்பதற்காகக் கலைப்பது பொறுமையின்மை. பந்தும் பதினொரு பேரும் ஒரு திடலும் இருந்தால் ஆட்டம் உண்டு. ஆனால் கட்டாயம் கலைக்க வேண்டிய கழகமும் உண்டு. எது?

எந்தத் தெருவிலிருந்து வந்தவன் என்று கேட்டுவிட்டுப் பந்தைக் கொடுக்கும் கழகம். சேரிப் பிள்ளை சிறந்த கோல்கீப்பராக இருந்தாலும் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று ஆண்டாண்டாக அனுப்பிவிடும் கழகம். பெண் பிள்ளை திடலுக்கு வந்தால் சிரிக்கும் கழகம். கணக்குக் கேட்டவனைப் பகைவன் என்னும் கழகம். இந்தக் கோணல் ஒருவர் இருவரிடம் இருந்தால் அவர்களை மாற்றலாம். அடித்தளத்திலேயே இருந்தால், சாயம் பூசிப் பயனில்லை. இடித்துக் கட்டுவதே அறம். கடலூர் மாவட்டத்துப் பெண்கள் இடம்பெற்ற தமிழகப் பெண்கள் அணி, 2018-இல் மணிப்பூரை வென்று தேசிய வாகையரானது. அத்தகைய மாவட்டத்தில் ஒரு கழகம், "பெண்ணுக்கு இங்கே இடமில்லை" என்று எழுதாத விதியொன்றை வைத்திருக்குமானால், அது தோற்று அழிவதற்கு முன்பே அழியத் தக்கது.

ஆகவே பெரியவரிடம் சொன்னேன்: "ஐயா, உங்கள் தந்தையின் படத்தைக் கழற்ற வேண்டாம். ஆனால் படத்துக்கு வாங்கும் மாலைக்காசை நிறுத்தி, அந்த முதியவரின் கூலிக்குக் கொடுங்கள். உங்கள் தந்தை உயிரோடிருந்தால், தம் பெயர் நிலைப்பதைவிடத் தம் கழகம் நாணயத்தோடு இருப்பதையே விரும்பியிருப்பார்." பெரியவர் பேசவில்லை. படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

தம்பியிடம் சொன்னேன்: "முதலில் உறுப்பினர் அனைவரையும் கூட்டு. எந்தத் தெருக்காரரையும் விடாதே. கணக்குப் புத்தகத்தை மேசை மேல் திறந்து வை. யார் யாருக்கு எவ்வளவு என்று உரக்கப் படி. ஒரே நாளில் முடியாவிட்டால் மாதம் ஒரு தவணையாகத் தீர்ப்பதாக எழுதிக் கொடு. அதன்பின் வாக்கெடுங்கள். கலைப்பது என்று பெரும்பாலோர் முடிவு செய்தால், கலையுங்கள், கண்ணீர் வேண்டாம். புதிதாகத் தொடங்குவது என்றால், மகளிர் அணியோடு, திறந்த கதவோடு, திறந்த கணக்கோடு, கீழ்ப்படியில் தொடங்குங்கள்."

அவன் முகம் முழுதும் தெளியவில்லை. "அந்தத் தாத்தாவின் பத்து மாதக் கூலி, எங்கள் காலத்துக்கு முந்தைய பாக்கியாயிற்றே, ஐயா?" என்றான்.

"கடந்த பத்து மாதம் இந்தத் திடலில் ஆடியது யார், தம்பி?"

"நாங்கள்தான்."

"எந்தக் கோட்டுக்குள் ஆடினீர்கள்?"

அவன் விடை சொல்லவில்லை. தோழர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மங்கிய வெளிச்சத்தில் அந்தச் சுண்ணாம்புக் கோடு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஒருவன் சட்டைப் பையைத் துழாவினான். இன்னொருவன் கணக்குப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்டான்.

கழகம் கலைந்ததா, நிலைத்ததா என்று கேட்பீர்கள். அதை அந்தக் கூட்டம் முடிவு செய்யட்டும். புத்தகம் யாரிடம் என்று எவன் கேட்டானோ, அவன் இருக்கும் இடத்தில் எந்தப் பெயரிலும் ஒரு கழகம் நடக்கும்.